மிதிபடமும் பெயரேடும்

ஓர் அரசாங்கம் தன் குடிகளுள் ஒரு சாராரை அவர்தம் சமயத்தின் பொருட்டு ஒடுக்க முற்படும்போது, அதன் கையிலுள்ள கருவி வாளும் நெருப்புமே என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வரலாற்று நூல்களும் அவற்றையே விரிவாக வருணிக்கின்றன. ஆனால் வாளுக்குக் களைப்பு உண்டு. வெட்டுகிற கையும் ஒருநாள் ஓயும். ஓய்வறியாத கருவி ஒன்று இருக்கிறது, அது பெயரேடு. ஆண்டுதோறும் குடிகளின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே இன்னார் இன்ன சமயத்தார் என்று குறித்து, முத்திரை குத்தி மேலிடத்துக்கு அனுப்புவது மிகச் சாதாரணமான அலுவல். இவ்வலுவலைக் கொண்டே ஓர் அரசு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சமயத்தை மண்ணுக்கடியில் அழுத்தி வைத்திருந்தது. 1614 முதல் 1873 வரை ஜப்பானில் நடந்த அந்த வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல விழைகிறேன்.

ஜப்பான் என்றவுடன் நம் நாட்டுத் தமிழர்க்கு, அதிலும் தோட்டப்புறத்தார்க்கு, சயாம் மரண ரயில் பாதையே நினைவுக்கு வரும். அது மறக்கத்தக்கதன்று. எனினும் அந்நாட்டின் ஆட்சி முற்காலத்தில் தன் சொந்தக் குடியானவர்களை என்ன பாடு படுத்தியது என்பதை நம்மவர் அதிகம் படித்ததில்லை. அக்கதை நம் மலாக்காவில் தொடங்குகிறது என்பதும் பலர் கேள்விப்படாத செய்தி.

1547 டிசம்பரில் மலாக்காவில் இருவர் சந்தித்தனர். ஒருவர் இயேசு சபைத் துறவியான பிரான்சிஸ் சவேரியார். மற்றவர் அஞ்சிரோ என்னும் ஜப்பானியர். ஒரு கொலையைச் செய்துவிட்டுப் போர்த்துகீசியக் கப்பலேறித் தப்பி வந்தவர். சவேரியார் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் தமிழகத்து முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணியாற்றியிருந்தார். தமிழை முறையாகக் கற்காத அவர், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, அவற்றை நெட்டுருப் போட்டுக்கொண்டு, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தாம் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லுமாறு கற்பித்தார். ஏட்டை நம்பாமல் நாவை நம்பிய இந்த முறையைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இது மீண்டும் வரும். அஞ்சிரோவின் பேச்சைக் கேட்டு ஜப்பானின்மேல் ஆர்வங்கொண்ட சவேரியார், 1549 ஆகஸ்டு 15இல் அஞ்சிரோவின் ஊராகிய ககோஷிமாவில் கரையிறங்கினார்.

தமிழுக்கும் அந்நாட்டுக்கும் இடையே இன்னொரு தொடர்பும் உண்டு. மார்க்கோஸ் ஜோர்ஜ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார் வினாவிடையாக எழுதிய ஞானோபதேச நூல், 1579இல் கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்ற பெயரில் தமிழில் அச்சாயிற்று. அதே நூலைத் தழுவிய ஜப்பானிய நூலொன்று 1590களின் தொடக்கத்தில் ஜப்பானில் அச்சாயிற்று. ஒரே பாடநூலை இரு மொழிப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒப்பித்திருக்கின்றனர்.

புதிய சமயம் ஜப்பானின் தென்பகுதியான கியூஷுவில் விரைந்து பரவியது. போர்த்துகீசிய வாணிகத்தை விரும்பிய சிற்றரசர்கள் சிலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்களுள் முதல்வர் ஓமுரா சுமிதாதா. 1563இல் மதம் மாறியவர். இவர் 1574இல் தம் நாட்டுப் பௌத்த மடங்களையும் ஷிண்டோ கோவில்களையும் இடித்தும், குடிகளை மதம் மாறச் செய்தும், மாற மறுத்தோரை வெளியேற்றியும் ஆண்டார். கிறிஸ்தவர் பட்ட துன்பத்தைச் சொல்ல வந்த இடத்தில் இதனை மறைப்பது நேர்மையாகாது. அதிகாரம் கையில் இருந்த சில ஆண்டுகளில் அவர்களுடைய தலைவர் செய்ததும் அதே வேலைதான். 1580இல் இவரே நாகசாகித் துறைமுகத்தை இயேசு சபையாரிடம் ஒப்படைத்தார். வடக்கே நாடு முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர முயன்றுகொண்டிருந்தவர்களின் கண்ணுக்கு இது எப்படித் தோன்றியிருக்கும்!

டொயொட்டோமி ஹிடெயோஷி 1587இல் பாதிரிமார் இருபது நாளில் நாட்டைவிட்டு நீங்க வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆயினும் வாணிகத்தை முன்னிட்டு அதை முழுவதும் நிறைவேற்றவில்லை. 1597 பிப்ரவரி 5இல் நாகசாகிக் குன்றொன்றில் 26 பேரைச் சிலுவையில் அறைந்து கொன்றார். அவருக்குப் பின் ஆட்சியைக் கைப்பற்றிய டொக்குகாவா இயேயாசுவும் சில காலம் பொறுத்துப் பார்த்தார். பிலிப்பைன்ஸ் தீவுகள் ஸ்பெயினுக்கு அடிமைப்பட்டதை ஜப்பானியர் அறிவர். பாதிரி முன்னே வர, படை பின்னே வரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. இந்த அச்சம் முற்றும் பொய்யானதென்று நம்மால் சொல்ல முடியாது; மலாக்காவை 1511இல் இழந்த நாட்டில் வாழும் நமக்கு அது நன்கு விளங்கும். ஆனால் அந்நியப் படையை எண்ணி எழுந்த அச்சம் கடைசியில் விடிந்தது அந்நியர் தலையிலன்று. நெல் விளைத்தும் மீன் பிடித்தும் வாழ்ந்த உள்நாட்டு ஏழைகளின் தலையில். 1614இல் நாடு முழுவதற்கும் தடைச் சட்டம் வந்தது. அப்போது ஜப்பானில் மூன்று இலட்சம் கிறிஸ்தவர் இருந்ததாக ஆய்வாளர் பலர் மதிப்பிடுகின்றனர்.

முதல் இருபத்தைந்து ஆண்டுகள் வாளின் காலம். 1622இல் நாகசாகியில் ஒரே நாளில் 55 பேர் எரித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். திரண்டிருந்த மக்கள் அஞ்சி ஓடவில்லை, செபம் பாடினர். கொல்லக் கொல்ல நம்பிக்கை வலுப்பதை அதிகாரிகள் கண்டனர். எனவே கொல்வதை விடுத்து மறுதலிக்கச் செய்வதே நோக்கமாயிற்று. உன்சென் மலையின் கொதிநீர் ஊற்றுகளில் வதைத்தனர். குழிக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டனர். 1633இல் இயேசு சபையின் ஜப்பானியத் தலைவரான கிறிஸ்தோவாவோ ஃபெரெய்ரா அக்குழியில் தொங்கிச் சில மணி நேரத்தில் மறுதலித்தார். பின் ஜப்பானியப் பெயர் பூண்டு அரசாங்கத்துக்கே ஊழியம் செய்தார். ஷுசாக்கு எண்டோ 1966இல் வெளியிட்ட ‘மௌனம்’ என்னும் புகழ்பெற்ற நாவலில் இவர் ஒரு பாத்திரமாக வருகிறார்.

1637இல் ஷிமாபரா, அமாகுசா பகுதிக் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கொடிய வரியே முதற்காரணம். பஞ்ச காலத்திலும் வரி கட்டாதவரைச் சித்திரவதை செய்த சிற்றரசர் மட்சுகுரா கட்சுயியேயைக் கலகம் அடங்கியபின் மைய அரசே தலைவெட்டிக் கொன்றது என்றால் அவர் கொடுமையை நாம் உணரலாம். ஆனால் கிளர்ந்தவர்கள் பிடித்த கொடி சிலுவைக் கொடி. பதினாறு வயதளவினனான அமாகுசா ஷிரோ அவர்களுக்குத் தலைவன். ஹரா கோட்டை 1638இல் விழுந்தபோது உள்ளிருந்தோர் ஏறக்குறைய எல்லாரும், பெண்டு பிள்ளைகள் உட்பட, கொல்லப்பட்டனர். அவர்கள் தொகை முப்பத்தேழாயிரம் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1639இல் போர்த்துகீசியக் கப்பல்கள் வருவது தடுக்கப்பட்டது. பாதிரியும் இல்லை, கப்பலும் இல்லை. இனி எஞ்சியிருப்போரைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

1640இல் சமய ஆய்வுக்கென்றே தனி அதிகாரி நியமிக்கப்பட்டார். இனூவே மசாஷிகே என்னும் அவர், உயிர்த்தியாகி ஒருவரை உண்டாக்குவதைவிட மறுதலித்தவர் ஒருவரை உண்டாக்குவதே அரசுக்கு ஆதாயம் என்பதை நன்றாக அறிந்தவர். சில பத்தாண்டுகளில் நாடெங்கும் ஓர் ஏற்பாடு நிலைபெற்றது. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்த மடத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவர் கிறிஸ்தவர் அல்லர், எம் மடத்தைச் சார்ந்தவர் என்று அம்மடத்துப் பிக்கு சான்று தருவார். அச்சான்றுகளைக் கொண்டு ஊர் மணியக்காரர் வீடுவாரியாகப் பெயர், வயது, உறவு, மடம் ஆகியவற்றை எழுதி, குடும்பத் தலைவரின் முத்திரை பெற்று, ஆண்டுதோறும் ஏடு தயாரிப்பார். இதற்கு ‘ஷூமோன் அராத்தமே சோ’ என்று பெயர். சமய ஆய்வு ஏடு என்று நாம் சொல்லலாம். 1671க்குள் இது நாடு முழுவதும் ஆண்டுதோறும் செய்யும் கடமையாயிற்று. திருமணமாகி வேறூர் செல்வதற்கும், வேலைக்குச் சேர்வதற்கும், பயணம் புறப்படுவதற்கும் மடத்துச் சான்று தேவைப்பட்டது. இறந்தவரை அம்மடத்துப் பிக்குவே வந்து அடக்கம் செய்விக்க வேண்டும்.

மேலும், ஐந்தைந்து வீடுகள் ஒரு குழுவாகக் கட்டப்பட்டன. ஒரு வீட்டின் குற்றத்துக்கு மற்ற நான்கு வீடும் பொறுப்பு. சந்திகளில் பரிசு அறிவிக்கும் மரப்பலகைகள் நின்றன. 1682இல் எழுதப்பட்ட பலகையின்படி, பாதிரியைக் காட்டிக்கொடுப்பவர்க்கு 500 வெள்ளி நாணயம். துணைத் துறவியைக் காட்டினால் 300. மறுதலித்துப் பின் மீண்டும் சமயத்துக்குத் திரும்பியவரைக் காட்டினாலும் 300. சாதாரணக் கிறிஸ்தவர்க்கு 100. ஒருமுறை மறுதலித்தவரின் சந்ததியாரோ 1687 முதல் தனி ஏட்டில் எழுதப்பட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கண்காணிக்கப்பட்டனர். அவர்கள் வீட்டுப் பிறப்பும் இறப்பும் அதிகாரிக்கு அறிவிக்கப்பட வேண்டும். பாட்டன் செய்த ‘குற்றத்துக்கு’ அவன் முகத்தையும் கண்டிராத பேரன் பெயர் ஏட்டில் நின்றது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிப் பதிவேடுகளோடு பழகியவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஏட்டில் ஒரு கட்டம் போட்டுவிட்டால் அது நிரப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கும். கட்டத்தை வரைந்தவர் யார், எதற்காக வரைந்தார் என்று நிரப்புகிறவர் கேட்பதில்லை. மாத முடிவில் எல்லாம் நிரம்பியிருக்கிறதா என்பதே அவர் கவலை. அக்காலத்து ஜப்பானிய மணியக்காரரும் பிக்குவும் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர் என்றே நினைக்கிறேன். நம் தோட்டத்துக் கிராணி செக்ரோல் எழுதுவதுபோல் அவர்களும் எழுதினார்கள். அவர்களுள் ஒருவரும் வாளைத் தொடவில்லை. ஆயினும் வாளால் ஆகாததை அவர்கள் எழுதுகோல் செய்தது.

இவ்வேற்பாடு பௌத்தத்துக்கு வாழ்வளித்தது என்று எண்ணத் தோன்றும். வருமானம் வந்தது உண்மை. குடிகள் வேண்டினாலும் வேண்டாவிட்டாலும் மடத்தை விட்டு அகல முடியாது; கேட்ட காணிக்கையைக் கொடுக்க மறுத்தால் சான்று கிடைக்காதே என்ற பயம். பிக்குகள் ஞானாசிரியர் நிலையிலிருந்து அரசாங்கக் கணக்கராயினர். பின்னர் 1868ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடங்களை இடிக்கும் வெறி ஜப்பானில் எழுந்தபோது, பல ஊர்களில் மக்கள் தடுக்க முன்வராததற்கு இந்த நெடுநாள் வெறுப்பும் ஒரு காரணம் என்பர். அன்றியும், பௌத்தர் என்பதால் மட்டும் ஒருவர் தப்பிவிடவில்லை. நிச்சிரென் மரபில் ‘ஃபுஜு ஃபுசே’ என்றொரு பிரிவு இருந்தது. தம் நெறியை ஏலாதாரிடம் எதுவும் பெறுவதில்லை, அவர்க்கு எதுவும் கொடுப்பதில்லை என்பது அதன் கொள்கை. ஆட்சியாளரின் கொடையையும் ஏற்க மறுத்ததால் அதுவும் கிறிஸ்தவத்தைப் போலவே தடை செய்யப்பட்டது. 1876இல்தான் மீண்டும் அனுமதி பெற்றது. தெற்கே சட்சுமா நாட்டிலோ அமிதா புத்தரின் பெயரை உச்சரிக்கும் ஷின் பௌத்தம் மூன்று நூற்றாண்டு காலம் தடைபட்டிருந்தது. அங்குள்ள அடியார்கள் குகைகளில் ஒளிந்து வழிபட்டனர். அதிகாரத்துக்கு அடங்காத பக்தி எதுவாயினும் அரசுக்கு அது பகையே.

இனி மிதிபடத்துக்கு வருவோம். நாகசாகியில் 1620களின் இறுதியில் தொடங்கிய வழக்கம் இது. இயேசுவின் அல்லது மரியாளின் உருவத்தைத் தரையில் வைத்து, ஒவ்வொருவரும் வெறுங்காலால் அதன்மேல் மிதிக்க வேண்டும். மிதிக்கத் தயங்குபவர் கிறிஸ்தவர் என்று பிடிபடுவார். அவ்வுருவத்துக்கு ‘ஃபுமியே’ என்று பெயர். முதலில் கிறிஸ்தவர்களிடமிருந்து பறிமுதல் செய்த படங்களே பயன்பட்டன. காலில் மிதிபட்டு அவை தேய்ந்துபோகவே, 1669இல் இருபது பித்தளை உருவங்கள் புதிதாக வார்க்கப்பட்டன. மிதிப்பதற்கென்றே ஒரு தெய்வ உருவத்தைச் செய்வித்த அரசு உலகில் வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை.

நாகசாகியில் புத்தாண்டு பிறந்த நான்காம் நாள் மிதிப்பு தொடங்கும். அதிகாரியும் எழுத்தரும் உருவப் பலகையோடு தெருத்தெருவாக, வீடுவீடாக வருவர். குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள் என ஏட்டிலுள்ள வரிசைப்படி ஒவ்வொருவரும் மிதிப்பர். நோயாளியின் படுக்கைக்குப் பலகை செல்லும். கைக்குழந்தையின் பாதத்தைத் தாய் பிடித்து அதன்மேல் வைப்பாள். எழுத்தர் பெயருக்கு நேரே குறித்துக்கொண்டு அடுத்த வீடு செல்வார். ஆண்டுகள் செல்லச் செல்ல இது ஒரு பண்டிகைச் சடங்குபோல் ஆகிவிட்டது. மருயாமா பகுதிக் கணிகையர் தம் சிறந்த பட்டாடை உடுத்து மிதிக்க வருவதைக் காணக் கூட்டம் கூடும். ஹைக்கு பாடுவோர் மிதிபடம் என்ற சொல்லையே பருவத்தைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டனர். அவமதிப்பு வழக்கமாகி, வழக்கம் வேடிக்கையாகி, கடைசியில் கவிதைக்கும் சொல்லாயிற்று.

அந்த வரிசையில் உண்மையான கிறிஸ்தவர்களும் நின்றனர், அவர்களும் மிதித்தனர். பின் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ‘கொன்சிரிசான்’ என்ற மனத்துயர்ச் செபத்தைச் சொல்லி மன்னிப்பு வேண்டினர். பாவசங்கீர்த்தனம் கேட்கப் பாதிரி இல்லாதபோது உள்ளார்ந்த மனத்துயரே போதும் என்று, பாதிரிமார் இருந்த காலத்திலேயே எழுதப்பட்ட சிறு நூலொன்று அவர்களுக்கு வழிகாட்டியது. மிதித்தவரை மறுதலித்தவர் என்பதா? மிதிக்க மறுத்து மாண்டவரையே நாம் போற்றுகிறோம்; அது தகும். ஆயினும் எல்லாரும் மாண்டிருந்தால் செபத்தைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவரும் எஞ்சியிருக்கமாட்டார். இக்கேள்விக்கு எளிதில் விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

அவர்கள் சமயத்தைக் காத்த முறை ஆசிரியர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. நாகசாகியை அடுத்த உராகாமி ஊரில் மூவகைப் பொறுப்பாளர் இருந்தனர். ஒருவர் நாட்காட்டியைக் காப்பவர். ஞாயிறு, நோன்பு, திருநாள் எவை என்று கணக்கிட்டுச் சொல்வார். 1634ஆம் ஆண்டின் திருச்சபை நாட்காட்டியே அவர்களுக்கு மூலம். அதனைத் தந்தவர் பஸ்தியான் என்னும் உபதேசியார் என்பது மரபு. இரண்டாமவர் நீரூற்றுபவர், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். மூன்றாமவர் செவிசாய்ப்பவர், நாட்காட்டிச் செய்தியை வீடுகளுக்கு ரகசியமாகக் கொண்டுசெல்வார். ‘ஒராஷோ’ என்ற அவர்கள் செபம் இலத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்தது. தலைமுறைகள் செல்லச் செல்லப் பல சொற்களின் பொருள் மறைந்தது. ஒலி மட்டும் நின்றது. முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போடுவித்த அதே வழி, ஏடு வைத்திருந்தால் உயிர்போகும் நாட்டில் ஒரு சமயத்தைக் காத்தது. பொருளறியா மனப்பாடத்தை நாம் வகுப்பில் கண்டிக்கிறோம், கண்டிக்கவும் வேண்டும். ஆனால் இந்த விஷயத்தில் என் வாய் சற்று அடைத்துக்கொள்கிறது.

வீட்டில் குழந்தையை ஏந்திய கண்ணோன் என்னும் வெண்பீங்கான் உருவம் இருக்கும். பார்ப்பவர்க்கு அது கருணைத் தெய்வமான போதிசத்துவர், வீட்டாருக்கு மரியாள். இறப்பு நேர்ந்தால் ஏட்டில் எழுதியபடி பிக்கு வந்து சூத்திரம் ஓதுவார். அடுத்த அறையில் ஒருவர் அமர்ந்து அச்சூத்திரத்தின் பலனை அழிக்கும் செபத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

எப்போதாவது இக்கட்டடம் இடிந்து வெளிப்படும். அதனை ஜப்பானியர் ‘குசுரே’, அதாவது சரிவு என்றனர். 1657இல் ஓமுரா நாட்டில் கோரி என்ற பகுதியில் 608 பேர் பிடிபட்டு, 411 பேர் தலைவெட்டப்பட்டனர். 78 பேர் சிறையில் இறந்தனர். கிறிஸ்தவ மந்திரத்தால் மீண்டும் உயிர்த்தெழுவார்களோ என்று அஞ்சித் தலைகளை ஓரிடத்திலும் உடல்களை வேறிடத்திலும் புதைத்தனர் என்று அவ்வூரார் சொல்வர். அதற்கு முன்னரோ அவர்கள் எல்லாரும் எழுத்தில் மறுதலித்தவர்கள்தாம்.

இதனோடு 1805இல் அமாகுசாவில் நடந்ததை ஒப்பிட்டால் பெயரேட்டின் இன்னொரு குணம் தெரியவரும். நான்கு ஊர்களில் 5,200 பேர் வரை மறைவாக வேற்றுச் சமய வழக்கங்களைக் கையாளுவது தெரியவந்தது. சட்டப்படி எல்லாரும் கொல்லப்பட வேண்டியவர். ஆனால் ஐயாயிரம் உழவரைக் கொன்றால் வயலில் இறங்குவது யார்? வரி கட்டுவது யார்? அத்துடன், இத்தனை காலம் ஆண்டுதோறும் கிறிஸ்தவர் எவருமில்லை என்று முத்திரை குத்தியனுப்பிய அதிகாரிகள் என்ன சமாதானம் சொல்வர்? எனவே விசாரணை ஏடுகளில் கிறிஸ்தவர் என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டனர். முன்னோர் வழக்கத்தை அறியாமையால் பின்பற்றித் தவறிய ‘வேற்று நெறியார்’ என்று எழுதினர். மிதிபடத்தை மீண்டும் மிதிக்கச் செய்து, இனிச் செய்வதில்லை என்று எழுதி வாங்கி விட்டுவிட்டனர். ஒரு சொல்லை எழுதாததால் ஐயாயிரம் பேர் பிழைத்தனர்.

அயல்நாட்டுக் கப்பல்களுக்குத் துறைமுகங்கள் திறந்தபின் மிதிப்பு வழக்கம் நின்றது. 1858இல் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையிலும் அது ஒழிக்கப்பட்டதாகக் குறிக்கப்பட்டது. ஆனால் ஜப்பானியருக்கு இருந்த தடை நீங்கவில்லை. நாகசாகியில் அயல்நாட்டாருக்கென்று பிரெஞ்சுப் பாதிரிமார் ஓரா என்ற இடத்தில் கோவில் கட்டினர். 1865 மார்ச் 17 அன்று பத்துப் பதினைந்து பேர் அதன் வாசலில் வந்து நின்றனர். பெர்னார்டு பெத்திழான் என்னும் பாதிரியார் கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் சென்றார். அவர் செபித்துக்கொண்டிருக்கையில் ஒரு மூதாட்டி அருகே வந்து, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று சொல்லி, மரியாளின் உருவம் எங்கே என்று கேட்டாள். அவர்கள் உராகாமியிலிருந்து வந்தவர்கள். தாங்கள் துக்க காலத்தில் இருப்பதாகவும் அன்று அதன் பதினேழாம் நாள் என்றும் கூறினர். தவக்காலம் அவ்வாண்டு மார்ச் 1இல் தொடங்கியிருந்தது. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பாதிரியையும் காணாமல், வாய்மொழியாகக் காத்த அந்த நாட்காட்டி ஒரு நாள்கூடப் பிசகவில்லை!

இம்மகிழ்ச்சிக்குப் பின்னேதான் கடைசித் துன்பம் வந்தது. அது தொடங்கியதும் பெயரேட்டிலேயே. 1867இல் உராகாமியில் ஒருவர் இறந்தபோது குடும்பத்தார் மடத்துப் பிக்குவை அழைக்காமலே அடக்கம் செய்தனர். இனி எங்களுக்கு அம்மடத்தோடு தொடர்பு வேண்டாம் என்று நூற்றுக்கணக்கான வீட்டார் மணியக்காரரிடம் தெரிவித்தனர். ஆயுதமேந்தவில்லை; வரி மறுக்கவில்லை; ஏட்டிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றார்கள், அவ்வளவே. அவ்வாண்டு ஜூலையில் இரவோடிரவாக 68 பேர் கைதாயினர். அடுத்த ஆண்டே டொக்குகாவா ஆட்சி வீழ்ந்து மெய்ஜிப் பேரரசரின் அரசு வந்தது. ரயிலும் தந்தியும் கொணர்ந்த அந்தப் புதிய அரசும் பழைய தடைப்பலகையையே புதிதாக எழுதி நட்டது. உராகாமி மக்கள் ஏறக்குறைய அனைவரும், 3,394 பேர், நாட்டின் பல பகுதிகளுக்குப் பிரித்து நாடுகடத்தப்பட்டனர். ஓரா குருமடத்து மாணவர் சிலரைப் பெத்திழான் 1868இல் கடல்வழியே அனுப்பி, நம் பினாங்கிலிருந்த குருமடத்தில் சேர்த்துக் காப்பாற்றினார். மலாக்காவில் தொடங்கிய கதை இவ்வாறு ஒருமுறை பினாங்கையும் தொட்டுச் சென்றது.

நாடுகடத்தப்பட்டவர்களுள் சுவானோ என்ற மலையூருக்குச் சென்றோர் பட்டது பெருந்துயரம். நிமிர முடியாத மூன்றடிக் கூண்டில் அடைத்தனர். குளிர்காலத்தில் உறைந்த குளத்தில் இறக்கினர். மொத்தத்தில் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். திரும்பி வந்தவர்கள் அதனைச் சிறை என்றோ தண்டனை என்றோ சொல்லவில்லை, ‘தபி’ என்றனர். பயணம் என்பது அச்சொல்லின் பொருள்.

1871இல் உடன்படிக்கைகளைத் திருத்த ஐரோப்பா, அமெரிக்கா சென்ற ஜப்பானியத் தூதுக்குழுவை எங்கும் இது பற்றியே கேட்டனர். 1873 பிப்ரவரி 24இல் பலகைகளை அகற்றும் ஆணை வந்தது. அவ்வாணை தடை நீங்கியதாகச் சொல்லவில்லை. பலகையில் உள்ள செய்தி எல்லாருக்கும் நன்கு தெரிந்ததே, ஆகையால் பலகைகளை எடுத்துவிடலாம் என்பதே அதன் வாசகத்தின் கருத்து. தவறு செய்தோம் என்று எழுத எந்த அலுவலகத்துக்குத்தான் கை வரும்? சமய உரிமை சட்டத்தில் எழுத்தாக வந்தது 1889இல். அதுவும் அமைதிக்கும் குடிமைக் கடமைக்கும் ஊறு நேராத வரையில் என்ற பூட்டுடன். அப்பூட்டு 1930களில் பலர்மீது விழுந்தது. நிபந்தனையற்ற உரிமை 1947இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில்தான் கிடைத்தது.

திரும்பி வந்த உராகாமி மக்கள் 1880இல் மணியக்காரரின் பழைய மனைநிலத்தை விலைக்கு வாங்கினர். அவர்தம் முன்னோர் ஆண்டுதோறும் வரிசையில் நின்று படத்தை மிதித்த இடம் அது. அங்கே எழுந்த பேராலயம் 1945 ஆகஸ்டு 9இல் அணுகுண்டால் தரைமட்டமாயிற்று. அவ்வூரின் 12,000 கத்தோலிக்கருள் 8,500 பேர் வரை மாண்டனர். பின்னர் அதே இடத்தில் மீண்டும் கட்டியுள்ளனர். இகிட்சுகி முதலிய தீவுகளிலோ மறைவு வாழ்வினர் பலர் 1873க்குப் பின்னும் திருச்சபையில் சேரவில்லை. தம் முன்னோர் முணுமுணுத்த ஒராஷோவையே தொடர்ந்து முணுமுணுத்தனர். இவ்விடங்களுள் பன்னிரண்டு 2018இல் உலக மரபுச் சின்னங்களாக ஏற்கப்பட்டன. பித்தளை மிதிபடங்கள் டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூக்கும் வாயும் தேய்ந்து மழுங்கிய முகங்கள் அவை.

அந்தப் பெயரேடுகள் என்னவாயின? ஆயிரக்கணக்கில் எஞ்சியுள்ளன. ஹயாமி அகிரா என்னும் பேராசிரியர் 1960கள் முதல் அவற்றை எடுத்து ஆராய்ந்து, பழைய ஜப்பானியச் சிற்றூர்களில் மக்கள் எந்த வயதில் மணந்தனர், எத்தனை பிள்ளை பெற்றனர், எவ்வளவு காலம் வாழ்ந்தனர் என்பதையெல்லாம் கணக்கிட்டுக் காட்டினார். முற்காலத்துக் குடும்ப வாழ்வை அறிய இவற்றினும் சிறந்த ஏடுகள் உலகில் அரிது என்பர். பெயரும் வயதும் உறவும் அவற்றில் ஆண்டுவாரியாக இருக்கின்றன. உராகாமி மக்களும் தலைமுறை தலைமுறையாக அவற்றில் பௌத்தர் என்றே எழுதப்பட்டிருந்தனர்.